கோல் வித்தியாசத்தை ஜோசியமாக விற்கும் ஜெராக்ஸ் கடை: ஒரு பருவம் வாங்கிப் பார்த்த அனுபவம்

கோவில்பட்டிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பட்டா விண்ணப்பம், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவற்றுக்கு நடுவே அங்கே ஹாக்கி லீக் போட்டிகளுக்குப் புள்ளிப் பட்டியலும் தயாரித்துத் தருகிறார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆட்ட முடிவுகளை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டால், மறுநாள் காலையில் ஏ3 தாளில் வண்ணப் பட்டியல் தயாராக இருக்கும். ஒரு பருவத்துக்கு 1,500 ரூபாய். அதற்கு மேல் 300 ரூபாய் கொடுத்தால் ‘கணிப்புத் தாள்’ என்று இன்னொன்று தருகிறார்கள். ஓர் அணி இதுவரை போட்ட கோல், வாங்கிய கோல் ஆகிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, இனி வரும் ஆட்டங்களில் அது எந்த அளவுக்கு வெல்லும் என்று சதவீதக் கணக்கில் சொல்லும் தாள் அது. அரையிறுதிக்கு முன்னால் 200 ரூபாய்க்கு ‘நாக் அவுட் தாள்’ என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. மூன்றையும் நான் வாங்கினேன். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது எங்கள் ஊர்ப் பையன்களின் அணியைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில், இவற்றில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதை எழுதிவைக்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கு ஹாக்கியைப் பற்றி யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1986இல் மாவட்டம் பிரிந்து தூத்துக்குடியோடு போய்விட்டாலும், பேச்சிலும் பழக்கத்திலும் நாங்கள் இன்னும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்தாம்; அந்தச் சீமையில் ஹாக்கி மட்டை என்றால் கோவில்பட்டி. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் அணிகள் இங்கே வருகின்றன. இந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து இங்கே பயிற்சி பெற்ற கார்த்தியும் 2022இல் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் ஒன்றாக ஆடினார்கள். எனவே ஜெராக்ஸ் கடைக்காரர் ஹாக்கிப் பட்டியல் போடுவதில் வியப்பில்லை. கடலை மிட்டாய்க் கடைக்காரரிடம் கேட்டாலும் பெனால்டி கார்னரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்.

எங்களுடையது பெரிய போட்டி அல்ல. எட்டயபுரம், கயத்தாறு, கடம்பூர், நாலாட்டின்புத்தூர்ப் பக்கங்களிலிருந்து பத்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் ஒரு முறை ஆடும். மொத்தம் 45 ஆட்டம். முதல் நான்கு அணிகளுக்கு நாக் அவுட். வென்றால் மூன்று புள்ளி, சமன் ஆனால் ஒன்று. முன்பெல்லாம் இந்தப் பட்டியலை நானே நோட்டில் கோடு கிழித்து எழுதுவேன். கண்ணில் புரை வந்த பிறகு கோல் எண்ணிக்கையை ஒரு வரி தள்ளி எழுதிவிட்டு இரண்டு ஊர்களிடம் ஏச்சு வாங்கினேன். அதனால்தான் கடைக்குப் போனேன்.

முதலில் புள்ளிப் பட்டியல். தாள் கெட்டியானது; மழைச் சாரல் பட்டாலும் மை ஓடவில்லை. வென்றது, சமன், தோற்றது, போட்ட கோல், வாங்கிய கோல், கோ.வி., புள்ளி என்று ஏழு கட்டங்கள். ‘கோ.வி.’ என்பது கோல் வித்தியாசம், அதாவது போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. அது கூட்டலில் இருந்தால் பச்சை, கழித்தலில் இருந்தால் சிவப்பு. கிரவுண்ட் ஓரத்து வேப்பமரத்தில் அந்தத் தாளைக் கட்டிவிட்டால், பத்தடி தள்ளி நிற்பவரும் படிக்கலாம். பையன்கள் புள்ளிக் கட்டத்தைப் பார்க்கும் முன் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பதை இரண்டாவது வாரத்திலேயே கவனித்தேன்.

அடுத்தது கணிப்புத் தாள். அதன் கணக்கைக் கடைத் தம்பியிடம் கேட்டபோது அவர் ஒளிக்காமல் சொன்னார். போட்ட கோலின் வர்க்கத்தை, போட்ட கோலின் வர்க்கத்தோடு வாங்கிய கோலின் வர்க்கத்தைக் கூட்டி வரும் தொகையால் வகுத்தால் வருவதுதான் அந்தச் சதவீதம். பேஸ்பால் விளையாட்டுக்காக அமெரிக்கரான பில் ஜேம்ஸ் வகுத்த சூத்திரம் இது. மூன்று வர்க்கங்கள் சேர்ந்து நிற்கும் தோற்றத்தால் இதற்குப் பித்தாகரஸ் பெயரை வைத்துவிட்டார்கள். முக்கோணத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் கால்குலேட்டரில் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்குக்கு 300 ரூபாயா என்று கேட்கலாம். பத்து அணிக்கும் ஒன்பது சுற்றுக்கும் தவறில்லாமல் போட்டு, வரிசைப்படுத்தி, அச்சடித்துத் தரும் உழைப்புக்கு அது அதிகமில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி, இந்தக் கணக்கு உண்மையிலேயே எதையாவது முன்கூட்டிச் சொல்கிறதா என்பதுதான். சொல்கிறது. என் சொந்த அணியை வைத்தே அது சொன்னதால் எனக்கு அது இனிக்கவில்லை என்றாலும், சொல்கிறது.

ஐந்து சுற்று முடிந்தபோது எங்கள் அணி நான்கு ஆட்டங்களை வென்று 12 புள்ளியுடன் இரண்டாம் இடத்தில் நின்றது. ஊரில் ஒலிபெருக்கி கட்டாத குறை. ஆனால் அந்த நான்கு வெற்றிகளும் 2-1, 3-2, 1-0, 2-1, தோற்றது 1-5. போட்டது ஒன்பது, வாங்கியது ஒன்பது, வித்தியாசம் பூஜ்யம். தாளில் சரியாக 50 சதவீதம். அதே நேரத்தில் கயத்தாறுப் பக்கத்து அணி ஒன்று இரண்டு வெற்றி, மூன்று சமனுடன் ஒன்பதே புள்ளி எடுத்து எங்களுக்குக் கீழே இருந்தது. அவர்கள் கணக்கு 5-1, 4-0, 1-1, 2-2, 0-0. அதாவது 12க்கு 4. தாளில் 90 சதவீதம். மீதமிருந்த நான்கு ஆட்டங்களில் அவர்கள் ஏழு புள்ளி எடுத்தார்கள், நாங்கள் நான்குதான் எடுத்தோம். தாளின் வாக்கு பலித்தது.

காரணம் ஒன்றும் மாயமில்லை. புள்ளிக் கட்டம் 1-0 வெற்றிக்கும் 6-0 வெற்றிக்கும் ஒரே மூன்றைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஒரு கோலில் வெல்வது என்பது பல நேரங்களில் கடைசி நிமிடத்தில் பந்து யாருடைய காலில் பட்டது, நடுவர் எந்தப் பக்கம் நின்றார் என்பவற்றைப் பொறுத்தது. அப்படிப்பட்ட வெற்றி நான்கு அடுத்தடுத்து வந்தால் பயிற்சியாளர் அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொள்கிறார், நானும் நினைத்தேன். கோல் எண்ணிக்கை ஒவ்வோர் ஆட்டத்திலிருந்தும் கூடுதலாக ஒரு செய்தியைச் சேர்த்துக்கொள்வதால், பாதிப் பருவத்தில் அது புள்ளியைவிட நிதானமான சாட்சி. வட அமெரிக்காவின் என்எச்எல் ஐஸ் ஹாக்கியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே கூடுதல் நேரத்தில் தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி உண்டு என்பதால், புள்ளிப் பட்டியலில் நிமிர்ந்து நிற்கும் அணி கோல் கணக்கில் குனிந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

ஆனால் கடையின் தாளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது கோலை எண்ணுகிறதே தவிர, யாருக்கு எதிராகப் போட்ட கோல் என்று கேட்பதில்லை.

2025 நவம்பரில் ஜூனியர் உலகக் கோப்பைக்காக மதுரைத் திடலுக்குப் போயிருந்தேன். இந்தியா ஓமானை 17-0 என்று வென்ற ஆட்டம். பத்துக் கோலுக்கு மேல் கூட்டம் கை தட்டுவதை விட்டுவிட்டுச் சுண்டல் வாங்கப் போய்விட்டது. அந்தப் பிரிவில் சிலியை 7-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று முடித்து, இந்தியா 29 கோல் போட்டு ஒன்றுகூட வாங்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனது. கடையின் சூத்திரத்தில் இதைப் போட்டால் வருவது 100 சதவீதம். அதாவது இந்த அணி இனி தோற்கவே தோற்காது. காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2 சமனாகி ஷூட் அவுட்டில் தப்பித்தது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றது. 2023 உலகக் கோப்பையில் நெதர்லாந்தும் சிலிக்கு எதிரான 14-0 உட்பட 22 கோல் போட்டு, ஒன்றுகூட வாங்காமல் பிரிவை முடித்தது. அதற்கும் 100. அரையிறுதியில் பெல்ஜியத்திடம் ஷூட் அவுட்டில் தோற்று, கடைசியில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது.

எங்கள் லீக்கிலும் இதே கதை நடந்தது. கடைசி இடத்தில் இருந்த அணிக்குக் கோல்கீப்பர் காவலுறையே ஜோடியாக இல்லை. இடது காலில் நீலம், வலது காலில் யாரோ கொடுத்த பழைய சிவப்பு, அதிலும் ஒரு வார் அறுந்து சணலால் கட்டியிருந்தது. அந்தப் பையன் ஒவ்வொரு பெனால்டி கார்னருக்கும் முன்னால் குனிந்து அந்தச் சணலை இழுத்து முடிவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அவனுக்கு எதிராக ஓர் அணி 11 கோல் போட்டது. அடுத்த வாரத் தாளில் அந்த அணி பச்சை நிறத்தில் முதலிடத்துக்கு ஏறியது. பிறகு வந்த மூன்று ஆட்டங்களில் ஒன்றைக்கூட அது வெல்லவில்லை.

இதற்கு மருந்து கடினமானதல்ல. நானே வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஓர் ஆட்டத்தில் நான்கு கோல் வித்தியாசத்துக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் நான்கு என்றே எடுத்துக்கொள்வது முதல் திருத்தம். எல்லா அணிகளுக்கும் போட்டதில் மூன்று, வாங்கியதில் மூன்று என்று கூடுதலாகச் சேர்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவது இரண்டாவது. சமமாக ஆடிய ஓர் ஆட்டத்தை எல்லோர் தலையிலும் முன்கூட்டியே கட்டுவதற்கு ஒப்பானது இது. குறைந்த ஆட்டங்களே நடந்திருக்கும்போது எண் தறிகெட்டு ஓடாமல் அது பிடித்து நிறுத்தும். ஆட்டம் கூடக் கூட அதன் பிடி தானாகத் தளரும். இப்படிச் செய்தால் நெதர்லாந்தின் 100 சதவீதம் 96 ஆகிறது. அப்போதும் அதிகம்தான், ஆனாலும் தோல்விக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. இந்த நான்கும் மூன்றும் வானத்திலிருந்து விழுந்த எண்கள் அல்ல; எங்கள் மாதிரிச் சிறு லீக்கில் எனக்குப் பொருந்தி வந்தவை. வேறு ஊரில் வேறு எண் சரிப்படலாம். கடைத் தம்பியிடம் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்க சொல்லுதது சரிதான் சார், ஆனா 11 கோல் போட்டவங்க காசு கொடுத்துத் தாள் வாங்குதாங்கல்லா, அதை நாலுன்னு போட்டா சண்டைக்கு வருவாங்க” என்றார். வியாபாரத்தில் அவர் என்னைவிடத் தெளிவானவர்.

இன்னொரு குறை, காலிக் கோல். தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, பதினோராவது ஆளாகக் களத்தில் ஆடும் ஒருவரை இறக்குவது இப்போது எங்கள் மட்டத்திலும் வழக்கமாகிவிட்டது. அப்போது காலிக் கோலுக்குள் உருண்டு போகும் பந்து, ஆட்டத்தின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 2-1 என்று மூச்சுப் பிடித்து ஆடிய ஆட்டம் தாளில் 3-1 என்று பதிவாகிவிடும். என்எச்எல் கணக்கிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தக் கோல்களைத் தனியே கழித்துவிட்டுப் பார்ப்பார்கள். கோல் என்பதே அரிதாக விழுவது என்பதால், கோலை நோக்கி அடித்த அடிகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வதும் உண்டு. அதற்கு அங்கே ‘கார்சி’ என்று பெயர். பருவத்தின் தொடக்கத்தில், சில ஆட்டங்களே முடிந்திருக்கும்போது, அந்த எண்ணிக்கை கோல் வித்தியாசத்தைவிட நம்பத் தகுந்ததாக இருக்கிறது என்பது அவர்கள் கண்ட பாடம். நம் ஹாக்கியில் பந்தைக் கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் என்பதால், எத்தனை முறை எதிரணி வட்டத்துக்குள் நுழைந்தோம், எத்தனை பெனால்டி கார்னர் பெற்றோம் என்று எண்ணினால் அதற்கு நிகராகும். கடையில் இதற்குக் கட்டம் கிடையாது. நான் சட்டைப்பையில் வைத்திருந்த சிறு நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். அந்த நான்கு ஒரு கோல் வெற்றிகளில் மூன்றில் எதிரணிதான் எங்கள் வட்டத்துக்குள் அதிக முறை வந்திருந்தது. அதை அப்போதே உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருந்தால் 300 ரூபாய் மிச்சம்.

இனி, கடையோடு எனக்கு ஏற்பட்ட சண்டை. லீக் முடிவில் எங்கள் அணியும் மேலே சொன்ன கயத்தாறுப் பக்கத்து அணியும் 16 புள்ளியில் சமமாக நின்றன. நான்காம் இடம் யாருக்கு என்பது கேள்வி. நாங்கள் ஐந்து வென்று, ஒன்று சமன், மூன்று தோல்வி. அவர்கள் நான்கு வென்று, நான்கு சமன், ஒரு தோல்வி. கடையின் பட்டியல் கோல் வித்தியாசத்தைப் பார்த்து அவர்களை நான்காவதாகப் போட்டு, அதே இரவில் அரையிறுதிக்கான பிளக்ஸையும் அடித்துவிட்டது. ஆனால் எங்கள் போட்டி விதி, பன்னாட்டு ஹாக்கிச் சம்மேளனம் பின்பற்றும் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டது: புள்ளி சமமானால் முதலில் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை, அதற்குப் பிறகுதான் கோல் வித்தியாசம், அதற்கும் பிறகு போட்ட கோல்கள், கடைசியில் இருவரும் மோதிய ஆட்டத்தின் முடிவு. ஆகவே இடம் எங்களுக்கு. விதித்தாளை முதல் நாளே கடையில் கொடுத்திருந்தும், கால்பந்துக்குப் போட்ட பழைய கோப்பிலேயே பெயர்களை மாற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த அணியின் பயிற்சியாளர் என்னிடம் படித்த பையன். பிளக்ஸின் கீழே நின்றுகொண்டு, “சார், சட்டப்படி நீங்க போங்க, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா யாரு நல்ல டீமுன்னு நீங்களே சொல்லுங்க” என்றான். நான் பதில் சொல்லவில்லை. கணிப்பு என்ற அளவில் அவன் கேட்டது நியாயம். எதிர்காலத்தில் யார் வெல்வார் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நானும் அவன் அணிமேல்தான் கட்டியிருப்பேன். ஆனால் விதியின் வேலை நடந்து முடிந்ததற்குப் பரிசு கொடுப்பது. ஐந்து முறை வென்றவனுக்கும் நான்கு முறை வென்றவனுக்கும் இடையில் அது முந்தியவனைத் தேர்ந்தெடுக்கிறது. கடை செய்த தவறு, கணிப்புக்கு உரிய எண்ணைத் தீர்ப்புக்கு உரிய இடத்தில் வைத்தது. பட்டியலை ஒரு மணி நேரத்தில் திருத்திக் கொடுத்தார்கள். பிளக்ஸுக்கு ஆன செலவைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோல் வித்தியாசமே தீர்ப்பாகும் இடங்களும் இருக்கின்றன. அங்கே அதன் ஈரமின்மை நன்றாகத் தெரியும். 2022 ஆசியக் கோப்பைப் பிரிவில் இந்தியாவும் பாகிஸ்தானும் தலா ஒரு வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. ஜகார்த்தாவில் கடைசி ஆட்டத்தில் இந்தோனேசியாவை 15 கோல் வித்தியாசத்திலாவது வெல்ல வேண்டும் என்ற நிலையில் இந்தியா 16-0 என்று வென்று உள்ளே போனது. பாகிஸ்தான் வெளியேறியதோடு அடுத்த உலகக் கோப்பை வாய்ப்பையும் இழந்தது. அடுத்த சுற்றில் அதே கத்தி இந்தியாவின் பக்கம் திரும்பியது. மலேசியா, கொரியா, இந்தியா மூன்றும் ஐந்து புள்ளி. மூன்றுக்கும் ஒரு வெற்றி, இரண்டு சமன். கொரியாவோடு 4-4 என்று முடிந்த ஆட்டத்தில் நான்காவது கோல் எங்கள் மாரீஸ்வரனுடையது. அது வெற்றியாக மாறியிருந்தால் இறுதிப் போட்டி. ஜப்பானை 2-1 என்று மட்டுமே வென்றிருந்த இந்தியா, கோல் வித்தியாசத்தில் மூன்றாவதாகிப் போனது. இந்தோனேசியாவுக்கு எதிராகப் போட்ட பதினாறில் ஒன்றைக்கூட அடுத்த சுற்றுக்கு எடுத்துப்போக முடியவில்லை.

நாக் அவுட் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு: வாங்காதீர்கள். இரண்டு அணிகளின் சதவீதங்களையும் மோதவிட்டு, ஒரே ஓர் ஆட்டத்துக்கு 100க்கு இவ்வளவு என்று அது சொல்கிறது. 2023 உலகக் கோப்பையைக் கடையின் முறையில் நானே போட்டுப் பார்த்தேன். இந்தியா ஸ்பெயினை 2-0, வேல்ஸை 4-2 என்று வென்று, இங்கிலாந்தோடு 0-0 என்று முடித்தது. மொத்தம் ஆறுக்கு இரண்டு, 90 சதவீதம். இங்கிலாந்தும் அதே ஏழு புள்ளிதான், ஆனால் கோல் வித்தியாசம் ஒன்பது. அதனால் அது நேராகக் காலிறுதிக்குப் போக, நான்கு மட்டுமே வைத்திருந்த இந்தியா நியூசிலாந்தோடு ஒரு கூடுதல் ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. நியூசிலாந்து ஐந்து போட்டு எட்டு வாங்கியிருந்த அணி, 28 சதவீதம். இரண்டையும் மோதவிட்டால் இந்தியாவுக்கு 100க்கு 96 வருகிறது. புவனேஸ்வரத்தில் ஆட்டம் 3-3 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் இந்தியா 4-5 என்று தோற்று வெளியேறியது. மூன்றே ஆட்டத்தின் கோலை வைத்து 96 என்று சொல்வது துணிச்சல் அல்ல, கவனக்குறைவு.

ஆட்டம் அதிகமானால் மட்டும் இந்த நோய் முழுதாகத் தீர்ந்துவிடுவதும் இல்லை. என்எச்எல்லில் 2022-23 பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டம். அந்தப் பருவத்தில் பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றியும் 135 புள்ளியும் எடுத்துச் சாதனை படைத்தது; 305 கோல் போட்டு 177 வாங்கியது. முதல் சுற்றில் எதிரே வந்த புளோரிடா பேந்தர்ஸ் 92 புள்ளியுடன், 290க்கு 273 என்று தட்டுத் தடுமாறி உள்ளே நுழைந்த அணி. ஏழு ஆட்டத் தொடரில் பாஸ்டன் 3-1 என்று முன்னால் போய்விட்டு, அடுத்த மூன்றையும் இழந்தது. புளோரிடா இறுதித் தொடர் வரைக்கும் போனது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் 62 ஆட்டங்களை வென்ற டாம்பா பே, முதல் சுற்றில் கொலம்பஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. மறுபுறம், டோக்கியோ ஒலிம்பிக்கின் பிரிவில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 வாங்கி, மொத்தத்தில் 15க்கு 13 என்று கூட்டல் இரண்டோடு வந்த இந்தியாதான் 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கியில் பதக்கம் வாங்கியது. நீண்ட லீக்கில் யார் மேலே இருப்பார் என்பதைக் கோல் வித்தியாசம் நன்றாகவே சொல்லும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வெல்வார் என்பது அதன் வேலை அல்ல.

எங்கள் அரையிறுதிக்குக் கடைத் தாள் எங்களுக்குக் கொடுத்தது 100க்கு 12. அதைப் பையன்கள் கண்ணில் படாமல் மடித்து வைத்திருந்தேன். எப்படியோ ஒருவன் பார்த்துவிட்டான். ஆட்டம் 1-2 என்று கடைசி நிமிடம் வரை இழுத்துக்கொண்டு போனது, கோல்கீப்பரை எடுத்தோம், மூன்றாவது காலிக் கோலில் விழுந்தது. தாள் ஜெயித்துவிட்டது என்று சொல்வார்கள். நடுக்களத்தில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எந்தச் சூத்திரத்துக்கும் எட்டாத ஒன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஓர் அணி நன்றாக ஆடத் தொடங்கினால் முதலில் நடப்பது, அதன் நல்ல பையன்கள் விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போவதுதான். லீக்கின் நடுவில் எட்டயபுரத்துப் பக்கத்து அணியின் டிராக் ஃபிளிக் அடிக்கும் பையன் அப்படிப் போனான். அந்த அணி போட்ட கோல்களில் பெரும்பாலானவை பெனால்டி கார்னரில் அவன் மட்டையிலிருந்து வந்தவை. அவன் போன பிறகும் தாளில் அந்தக் கோல்கள் அப்படியே இருந்தன. அணிக்குச் சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது. ஆட்டத்தில் பெனால்டி கார்னர் கிடைத்தால் யார் அடிப்பது என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே போல் ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் கிரவுண்டில் நடந்த ஆட்டங்களையும் செயற்கை இழைத் திடலில் நடந்த ஆட்டங்களையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. கரிசல் ஈரத்தில் பந்து நாலடி ஓடி நின்றுவிடும், பூட்ஸில் மண் அப்பி ஆளுக்கு அரைக் கிலோ கூடும். அங்கே 1-0 என்பது டர்ஃபில் 4-0க்குச் சமம்.

சேவையின் மற்ற விஷயங்கள் சுருக்கமாக. காலை ஒன்பது மணிக்குத் தாள் தருகிறேன் என்றால் பத்துக்கு எதிர்பார்க்கலாம். முகூர்த்த நாட்களில் மாலை ஆகிவிடும், பத்திரிகை வேலை முந்திக்கொள்ளும். ஊர்ப் பெயர்களில் எழுத்துப் பிழை வருகிறது. நாலாட்டின்புத்தூர் மூன்று வாரம் ‘நாலட்டின்புதூர்’ என்றே தொங்கியது. தொலைபேசியில் கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்து, அதற்குக் காசு வாங்க மறுக்கிறார்கள்.

புள்ளிப் பட்டியலை எந்தத் தயக்கமும் இல்லாமல் வாங்கலாம். விதித்தாளை அவர்கள் கையில் கொடுத்தால் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து சமன் உடைக்கும் வரிசையைக் கணினியில் மாற்றச் செய்துவிட்டு எழுந்து வாருங்கள். கணிப்புத் தாளை நான்காவது சுற்றுக்குப் பிறகு வாங்கினால் போதும். அதற்கு முன் அது வெறும் வண்ணத் தாள். அதில் பெரிய வெற்றிகளுக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் குறி போட்டுக்கொண்டு படியுங்கள்.

அடுத்த பருவத்துக்கு 500 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். நான்கு கோலுக்கு மேல் எண்ணாத தனித் தாள் ஒன்றை எனக்கு மட்டும் போட்டுத் தருவதாகத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை வேப்பமரத்தில் கட்டக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. நாக் அவுட் தாள் வேண்டாம் என்பதை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.